கயிற்றுக்கு இரண்டு பக்கமும் புல்

பிப்ரவரி 8, ஞாயிறு

இந்த டைரி நான் லாரி ஓட்டும் தேயிலை ஃபேக்டரியில் கொடுத்தது. அட்டை பளபளவென்று இருக்கிறது. "புல்லுக்கு என்னென்ன பண்றீங்கன்னு தேதி போட்டு எழுதி வைங்கப்பா, அடுத்த வருசத்துக்கு ஆகும்" என்று என் மகள் வான்மதி சொன்னாள். நான் படித்தது அஞ்சாங்கிளாஸ். அதிலும் பாதி நாள் மாடு மேய்த்தேன். மாட்டுக்குப் புல் தெரியும், எனக்கு மாடு தெரியும், அந்த வகையில் எனக்கும் புல் தெரியும் என்று தைரியமாக ஆரம்பித்துவிட்டேன்.

விஷயம் இதுதான். வைகாசியில் வான்மதிக்கு நிச்சயதார்த்தம். மண்டபம் வேண்டாம், வீட்டு முன்னால் புல்தரையில்தான் வைக்க வேண்டும் என்கிறாள். மாப்பிள்ளை ஈரோடு. அங்கே வெயிலில் வெந்துகொண்டிருக்கும் ஜனத்துக்குக் கோத்தகிரிக் குளிரையும் பச்சைப் புல்லையும் காட்ட வேண்டுமாம். காட்டலாம். குளிர் நிறைய இருக்கிறது. புல்தான் இல்லை.

உறைபனி விழுந்து எல்லாம் கருகிக் கிடக்கிறது. கருகாத இடத்தில் பாசி. பாசி இல்லாத இடத்தில் களை. மொத்தத்தில் சொறி பிடித்த கழுதை முதுகு.

பிப்ரவரி 11

அன்றைக்கு ஒன்றை எழுத விட்டுவிட்டேன். புல்தரை ஒன்று, வீடு இரண்டு. என் மாமனார் நாச்சிமுத்துக் கவுண்டர் ஒட்டி ஒட்டிக் கட்டிய வீடுகள். ஒன்றில் நானும் மயிலாத்தாளும். இன்னொன்றில் மயிலாத்தாளின் அண்ணன், என் மச்சான், வேலப்பன். ஃபேக்டரியில் டீ மேக்கர், டீத்தூள் பக்குவம் பார்க்கிற வேலை. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. வான்மதிக்கு சைக்கிள் கற்றுக்கொடுத்தது, சளி பிடித்தால் மிளகு ரசம் வைத்துக் கொடுப்பது எல்லாம் அவர்தான். என்னோடு மட்டும் ஐந்து வருடமாகப் பேச்சில்லை.

புல்தரையின் நடுவில் ஒரு நைலான் கயிறு கட்டியிருக்கிறார். எல்லை. அதில் அவருடைய பனியன்களைக் காயப் போடுவார். ஓட்டை பனியன்கள். எல்லைக்கு இதைவிட நல்ல காவல் கிடையாது. யாரும் கிட்டப் போக மாட்டார்கள்.

பேச்சு நின்ற காரணம்: என் மூத்த மகன் கல்யாணப் பத்திரிகையில் தாய்மாமன் பேர் விட்டுப்போனது. பிரஸ்காரன் விட்டுவிட்டான். அதற்கு நான் என்ன செய்வேன்?

பிப்ரவரி 15

பாசியைச் சுரண்டினேன். வாரியால் இழுத்தால் பழைய மெத்தைப் பஞ்சு மாதிரி வருகிறது. பிறகு கடப்பாரையால் தரை முழுக்கக் குத்தினேன், காற்றும் தண்ணீரும் உள்ளே இறங்குவதற்கு. எங்கள் நாய் டைகர் அதைப் பார்த்துவிட்டுத் தானும் உதவி செய்தது. நான் குத்தியது ஒரு விரல் ஓட்டை. டைகர் தோண்டியது ஒரு ஆளைப் புதைக்கும் குழி.

கயிற்றுக்கு அந்தப் பக்கம் மச்சான் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, டீ குடித்துக்கொண்டே டைகரிடம் சொன்னார்:

"ஏனுங் பத்திரிகைல பேர் போட்ட பெரியவரே, நல்லா ஆழமாத் தோண்டுங்க. உங்கய்யன் மானம் அங்கதான் எங்கியோ கெடக்கும்."

டைகருக்கு வாலாட்டத்தான் தெரியும். ஆட்டியது.

பிப்ரவரி 16

டைகர் பேர் பத்திரிகையில் வந்தது உண்மைதான். "எங்கள் சித்தப்பா கல்யாணத்துக்கு மறக்காம வந்துருங்க" என்று கீழே குழந்தைகள் பேர் போடுவார்களே, அதில் கடைசியாக டைகர் பேரையும் போடச் சொன்னேன். எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். கால்நடை டாக்டர் போன் செய்தே சிரித்தார். அவர் பேரும் இருந்தது.

மார்ச் 1

மண் புளித்திருக்கிறது, அதனால்தான் பாசி என்று எஸ்டேட் மேஸ்திரி சொன்னார். டீத்தோட்டத்துக்குப் போடுகிற டோலமைட் மாவையே இதற்கும் தூவச் சொன்னார். தூவினேன். காற்று திரும்பியது. நான் முழுவதும் வெள்ளை. மயிலாத்தா கதவைத் திறந்து பார்த்து, "இட்லிக்கு ஆட்டி வெச்ச மாவுல விழுந்துட்டீங்களா?" என்றாள். "இல்லை, உன்னைக் கட்டினப்போ இருந்த நிறம் திரும்ப வந்துருச்சு" என்றேன். "அப்பவும் இந்த மூஞ்சிதான்" என்று கதவைச் சாத்திவிட்டாள்.

மார்ச் 8

களை எடுத்தேன். மூன்று இலைப் புல், தரையோடு ஒட்டிய வட்ட இலைக் கொடி, அப்புறம் அந்த மஞ்சள் பூ. மஞ்சள் பூதான் வில்லன். பூவைப் பார்த்தால் அப்பாவி. காய்ந்தால் வெள்ளைப் பஞ்சு உருண்டை. ஒரு மூச்சு விட்டால் ஊர் முழுக்கப் பறக்கும். வேரோ முள்ளங்கி மாதிரி ஆழம். பாதியில் அறுந்தால் இரண்டாக முளைக்கும்.

என் பக்கம் சுத்தமாகிவிட்டது. முளைக்கும் இளம் புல்லைப் பார்க்கக் கண்ணுக்குக் குளிர்ச்சி.

மார்ச் 14

என் பக்கம் மறுபடியும் மஞ்சள் பூக் கன்றுகள். எங்கிருந்து என்று பார்த்தேன். மச்சான் பக்கத்தில் வெள்ளைப் பஞ்சு உருண்டைகள் ஒரு படையே நிற்கிறது. காற்று அடித்தால் கயிற்றைக் கேட்டுக்கொண்டா பறக்கும்?

ஆக, பாதிப் புல்தரையைத் திருத்த முடியாது. முழுசாகத் திருத்த வேண்டும் அல்லது விட்டுவிட வேண்டும். இதை லாரி ஓட்டும்போது யோசித்துக்கொண்டே வந்தேன். ஒரு வளைவில் ஹாரன் அடிக்க மறந்துவிட்டேன்.

மார்ச் 17

மச்சான் டியூட்டிக்குப் போன நேரம் பார்த்து, கயிற்றுக்குக் கீழே குனிந்து போய், அவர் பக்கத்துக் களையை எல்லாம் பிடுங்கிக் குவித்துவிட்டேன். ஒரு புண்ணிய காரியம் செய்த திருப்தி. நன்றாகச் சாப்பிட்டேன்.

மார்ச் 18

மச்சான் காலையில் வந்தார். குவியலைப் பார்த்தார். உடை மாற்றிக்கொண்டு வந்து, ஒவ்வொரு மஞ்சள் பூச்செடியாக எடுத்து, குழி பறித்து, திரும்ப நட்டார். நட்டு, பூவாளியால் தண்ணீரும் ஊற்றினார். சிலது வாடியிருந்தது, அதற்குக் குச்சி முட்டுக் கொடுத்தார்.

நான் வாழ்க்கையில் நிறையப் பிடிவாதக்காரர்களைப் பார்த்திருக்கிறேன். களைக்கு முட்டுக் கொடுத்த ஆளை இன்றுதான் பார்த்தேன்.

மார்ச் 22

மயிலாத்தாளைத் தூது அனுப்பினேன். வான்மதி கல்யாணப் பத்திரிகையில் அவர் பேரை எல்லாருக்கும் மேலே, சாமி படத்துக்குக் கீழேயே போடுகிறோம், நிச்சயத்துக்கு வரட்டும் என்று சொல்லச் சொன்னேன்.

அவள் திரும்பி வந்து முகத்தைக் கழுவிக்கொண்டாள். அப்புறம் சொன்னாள்:

"நிச்சயத்துக்கு வருவாராம். கேட்டுக்கு வெளிய, ரோட்டுல நின்னு, புள்ளைய ஆசீர்வாதம் பண்ணிட்டுப் போயிருவாராம். மாலை போட மாட்டாராம். 'பேரில்லாத ஆளு மாலை போட்டா அது மாலையா மயிலு'ன்னு கேக்கறார்."

எங்கள் வகையறாவில் தாய்மாமன் மாலை போட்டுக் கையைப் பிடித்துக் கூட்டி வந்தால்தான் பெண் மணையில் உட்காரும். வேறு ஆள் போடலாமே, ஒன்றுவிட்ட மாமன் ஒருத்தர் காரமடையில் இருக்கிறாரே என்று மெல்லச் சொன்னேன். வான்மதி உள்ளேயிருந்து கேட்டுக்கொண்டிருந்தாள்.

"எங்க மாமா போடாத மாலைய நான் போட்டுக்க மாட்டேம்ப்பா. ஈரோட்டுக்காரங்களுக்கு டீயும் வடையும் குடுத்து அனுப்பிருங்க."

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். என் மகள். அவள் எப்போது விளையாட்டுக்குச் சொல்கிறாள், எப்போது இல்லை என்று எனக்குத் தெரியும்.

மார்ச் 23

மயிலாத்தா தோசை ஊற்றிக்கொண்டே, "பிரஸ்காரன் என்னங்க பண்ணுவான்? நீங்க எழுதிக் குடுத்ததத்தானே அவன் போடுவான்" என்றாள்.

இந்தப் பேச்சு இப்போது எதற்கு? தண்ணீர் விட வேண்டிய நேரம். போய் விட்டேன்.

மார்ச் 29

தண்ணீர் விட்டேன்.

ஏப்ரல் 5

முதல் கோடை மழை. மொட்டையாக இருந்த இடங்களில், ஓரத்தில் தழைத்திருந்த புல்லை வேரோடு வெட்டி ஒட்டுப் போட்டேன். வான்மதி, "அப்பா, உங்க லுங்கி மாதிரியே இருக்குது" என்றாள். லுங்கியில் ஒட்டு போட்டது யார்? உங்கம்மா. அதையும் சொன்னேன்.

ஏப்ரல் 9

காலையில் கதவைத் திறந்தால் புல்தரையில் ஒரு காட்டெருமை. சோலையிலிருந்து இறங்கி வந்திருக்கிறது. லாரி சைஸ். நான் ஒட்டுப் போட்ட இடத்தில்தான் நிற்கிறது. ஒட்டைத்தான் தின்கிறது. டைகர் கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டது, பத்திரிகையில் பேர் வந்த கௌரவம் எல்லாம் அவ்வளவுதான்.

அசையக் கூடாது, கத்தக் கூடாது என்பது இங்கே பச்சைக் குழந்தைக்கும் தெரியும். நான் என் வாசலில் நின்றேன். மச்சான் அவர் வாசலில் நின்றார். நடுவில் அது. வெகுநேரம் கழித்து மச்சான் மெதுவாகப் பேசினார். எருமையிடம்.

"ஏனுங் சாமி, அந்தப் பக்கமே மேயுங்க. அவிங்க நல்லா ஒரம் போட்டு வளத்தது. எம்பக்கம் வெறும் களைங்க. கசக்கும்."

நானும் எருமையிடம் சொன்னேன். "சாமி, அந்தப் பக்கத்துக் களையெல்லாம் கையால நட்டு, முட்டுக் குடுத்து வளத்ததுங்க. ருசி பாக்காமப் போயிராதீங்க."

எருமை இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தது. மச்சான் உதட்டைக் கடித்துக்கொண்டு மேலே கூரையைப் பார்த்தார். சிரிப்பை அடக்கினார் என்று சத்தியம் செய்வேன். கடைசியில் அது கயிற்றைக் கொம்பில் மாட்டி அறுத்து, ஒரு பனியனோடு சோலைக்குள் போய்விட்டது.

சாயங்காலம் மச்சான் கயிற்றை முடிச்சுப் போட்டுத் திரும்பக் கட்டினார். மறுபடியும் ஒட்டு போட வேண்டும்.

ஏப்ரல் 20

நாளைக்கு மேட்டுப்பாளையம் லோடு. யூரியா வாங்கி வைத்திருக்கிறேன். மழை வருகிற மாதிரி இருக்கிறது, மழைக்கு முன்னால் போட்டால்தான் இறங்கும். மயிலாத்தாளிடம் கைப்பிடி கைப்பிடியாகப் பரவலாக வீசச் சொல்லியிருக்கிறேன். "எனக்குத் தெரியாதா" என்றாள்.

ஏப்ரல் 30

தெரியவில்லை.

புல்லெல்லாம் இளம்பச்சை. அதன் நடுவில் கரும்பச்சையில் ஒரு கோலம். இருபத்தோரு புள்ளி, ஊடு புள்ளி, சுற்றிலும் சிக்கு. மயிலாத்தா இருபத்தெட்டு வருடமாகத் தினமும் குனிந்து மாவை விரலிடுக்கில் விட்டவள். யூரியாவும் வெள்ளை. குனிந்திருக்கிறாள், கை தன் பாட்டுக்குப் போயிருக்கிறது. விழுந்த இடம் மட்டும் கொழுத்து வளர்ந்துவிட்டது.

"பரவலா வீசச் சொன்னேனே!"

"பரவலாத்தானுங்க போட்டேன். எனக்கே தெரியாதுங்க. பாதில போன் வந்துச்சு, பேசிட்டே போட்டேன்."

அவள் கைக்குக் கயிறும் தெரியவில்லை. கோலம் நடுக்கயிற்றைத் தாண்டி அந்தப் பக்கமும் போயிருக்கிறது. ஆனால் அங்கே களைக்குள் ஒன்றும் தெரியவில்லை. பாதிக் கோலம் நிற்கிறது, பாதி காணோம்.

அப்போதுதான் அந்தச் சத்தம். முதலில் யாருக்கோ இருமல் என்று நினைத்தேன். மச்சான் ஸ்டூலில் உட்கார்ந்து, டீ டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறார். ஐந்து வருடம் கழித்து அந்தச் சிரிப்பு. பழைய டிராக்டர் ஸ்டார்ட் ஆகிற மாதிரியே இருக்கும்.

"பெரியவரே," என்று டைகரைக் கூப்பிட்டார். "உங்கூட்ல வாசல் பத்தலீங்களா? புல்லு மேலயும் கோலம் போட ஆரம்பிச்சுட்டாங்க?"

மே 2

மச்சான் அவர் பக்கத்துக் களையைப் பிடுங்குகிறார். அவரே. முட்டுக் கொடுத்த குச்சிகளையும் சேர்த்து. "தங்கச்சி போட்ட கோலம் பாதியில நிக்கக் கூடாதில்ல" என்று வான்மதியிடம் சொன்னாராம்.

நான் ஜன்னலைத் திறக்கவில்லை. திரைச்சீலை ஓட்டை வழியாகப் பார்த்தேன். ஆழமாகத்தான் தோண்டுகிறார், வேர் அறாமல். நல்ல வேலைக்காரர். அதை அவரிடம் சொல்லிவிடக் கூடாது.

மே 5

கோலம் முழுசாகத் தெரிகிறது. பக்கத்துத் தெரு ஜனம் வந்து போட்டோ எடுக்கிறது. மயிலாத்தா ஒன்றும் தெரியாத மாதிரி நல்ல சேலை கட்டிக்கொண்டு துணி காயப் போட்டாள்.

இரண்டு பக்கமும் புல் ஒரே மாதிரி ஆகிவிட்டது. கயிறு மட்டும்தான் நடுவில். மாலை விஷயத்தில் மாற்றம் இல்லை. மயிலாத்தா நேற்றும் கேட்டாள். "ரோட்டுல நிப்பேன்"தான் பதில்.

மே 8

இரண்டு பக்கமும் புல் வெட்டினேன். மச்சான் பார்த்துக்கொண்டுதான் இருந்தார், தடுக்கவில்லை. கோலம் மங்கிவிட்டது. தரை இப்போது வெறும் பலகை மாதிரி இருக்கிறது.

எழுதுகிற பலகை.

மே 11

மச்சான் மிஷின் சாமான் வாங்கக் கோயம்புத்தூர் போயிருக்கிறார், ராத்திரிதான் வருவார். நான் லீவு.

யூரியா போட்டேன். பூவாளியில் தண்ணீர் விட்டுக் கரைத்தேன். கயிற்றைக் கவட்டைக் குச்சியால் தூக்கி நிறுத்திவிட்டு வேலை செய்தேன். முதுகு ஒடிந்துவிட்டது. என் கையெழுத்து எப்போதும் மோசம்.

மயிலாத்தா ஜன்னலில் நின்று முழுவதும் பார்த்தாள். கொண்டுவந்த காப்பியில் சர்க்கரை இரண்டு மடங்கு.

மே 13

மழை வரவில்லை.

மே 14

வந்தது. ரொம்ப வந்தது. ஓட்டுச் சத்தத்தில் டி.வி. கேட்கவில்லை. இப்படி அடித்தால் எல்லாம் அடித்துக்கொண்டு போய்விடும். புல்லைச் சொல்கிறேன்.

மே 18

ஒன்றும் தெரியவில்லை. வான்மதி, "ஏம்ப்பா மணிக்கொருக்கா வாசலுக்குப் போறீங்க?" என்கிறாள். சுகர் என்றேன். "சுகருக்கு பாத்ரூம் போவாங்க, வாசலுக்கா போவாங்க?" என்றாள். ரொம்பப் படிக்க வைத்துவிட்டேன்.

மே 21

தெரிகிறது.

ஓரம் கொஞ்சம் கலங்கியிருக்கிறது, ஆனால் படிக்கலாம். எழுத்து ஒவ்வொன்றும் ஒரு ஆள் நீளம். வே, ல – கயிற்றுக்கு இந்தப் பக்கம். ப், ப, ன் – அந்தப் பக்கம். வேலப்பன். பிரஸ் கிடையாது, பேப்பர் கிடையாது. விட்டுப்போகவும் வழியில்லை.

மச்சான் வாசலில் நின்று பார்த்தால் நேராகத் தெரிகிற மாதிரி போட்டிருக்கிறேன். கேட் பக்கத்திலிருந்து ஈரோட்டுக்காரர்கள் பார்த்தால் தலைகீழாகத்தான் தெரியும். அவர்களுக்காகவா போட்டேன்?

மச்சான் டியூட்டி முடிந்து வந்தார். கேட்டிலேயே நின்றார். தலையைச் சாய்த்துப் பார்த்தார். பிறகு புல்லை மிதிக்காமல் ஓரமாகவே நடந்து போய், தன் வாசலில் நின்று நேராகப் பார்த்தார். ஸ்டூலில் உட்கார்ந்தார். டீ போடவில்லை. டைகரையும் கூப்பிடவில்லை. வெகுநேரம் கழித்து உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

மே 22

கதவு சாத்தியே இருக்கிறது.

மே 23

ஷாமியானாக்காரர்கள் வந்தார்கள். பேர் இருக்கிற இடத்தில் கம்பு நட விடவில்லை. சாயங்காலம் வரை மச்சான் வெளியே வரவில்லை. வான்மதிக்கு மருதாணி வைத்தார்கள். அவள் ஒரு கையை மட்டும் கொடுத்தாள். இன்னொரு கைக்கு மாமா வீட்டில் போய் வைத்துக்கொள்வேன் என்று எழுந்து போனாள். போனவள் வரவே இல்லை, அங்கேயே சாப்பிட்டுத் தூங்கிவிட்டாளாம்.

நான் இன்று கேலி ஒன்றும் பேசவில்லை என்று மயிலாத்தா நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

மே 24, ஞாயிறு

நிதானமாக எழுத வேண்டும். எழுத்து கோணிக்கோணிப் போகிறது. சந்தோஷத்தில் இல்லை, நாற்காலி தூக்கியதில்.

ஈரோட்டுக்காரர்கள் இரண்டு வேனில் வந்து இறங்கினார்கள். குளிரில் பல் தந்தியடித்தது. புல்லைப் பார்த்து வாயைப் பிளந்தார்கள். சம்பந்தி தலையைச் சாய்த்துச் சாய்த்துப் படிக்கப் பார்த்தார். நல்ல நேரம் ஆரம்பித்தது. மணை போட்டாயிற்று. மணைக்குப் பக்கத்தில் ஆள் இல்லை. நான் ரோட்டைப் பார்த்தேன். ரோட்டிலும் ஆள் இல்லை.

மச்சான் வீட்டுக் கதவு திறந்தது. வெள்ளை வேட்டி, இஸ்திரி போட்ட சட்டை. ஒரு கையில் ரோஜா மாலை, ஒரு கையில் வான்மதி. மிளகு ரசம் மணக்கிறது, விடிய விடிய அங்கேதான் இருந்திருக்கிறாள். நேராக என்னிடம் வந்தார். டைகரைப் பார்க்கவில்லை, மயிலாத்தாளைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார்.

"ஏனுங் மாப்ளே."

ஐந்து வருடம். தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டேன்.

"இனிசியல் எங்கீங்க?"

"மச்சான்?"

"எங்கய்யன் பேரு நாச்சிமுத்து. நா. வேலப்பன். வெறும் வேலப்பன்னு போட்டிருக்கறீங்க. பத்திரிகைல டைகருக்கும் இனிசியல் இல்ல, இங்க எனக்கும் இல்ல. ரெண்டு பேரும் ஒண்ணுங்களா?"

எல்லாரும் திரும்பிப் பார்க்கிறார்கள். சம்பந்திக்கு ஒன்றும் புரியவில்லை. நான் சொன்னேன், "யூரியா தீந்துபோச்சுங்க மச்சான்."

டிராக்டர் ஸ்டார்ட் ஆனது. சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நானும் துடைத்துக்கொண்டேன், டோலமைட் தூசி இன்னும் போகவில்லை. பிறகு தன் பேர் மேலேயே நடந்து, வே-யில் ஆரம்பித்து ன் வரைக்கும், வான்மதியைக் கூட்டி வந்து, மாலை போட்டு, மணையில் உட்கார வைத்தார். கயிறு இல்லை. காலையில் ஷாமியானாவில் ஒரு மூலை தொங்கியது என்று அவரே அவிழ்த்துக் கொடுத்திருக்கிறார்.

வடை நன்றாக இருந்தது. மச்சான் ஏழு சாப்பிட்டார். எண்ணினேன், நாளைக்குச் சொல்லிக் காட்ட.

ஜூன் 3

மச்சான் யாருக்கும் தெரியாமல் தன் பேருக்கு முன்னால் தானே இனிஷியல் போட்டிருக்கிறார். தண்ணீர் விட்டுக் கரைக்கத் தெரியவில்லை, அள்ளி அள்ளிப் போட்டிருக்கிறார். புல் வெந்து கருகிவிட்டது. பேர் பச்சை, இனிஷியல் மஞ்சள்.

"இது யூரியா குத்தங்க மாப்ளே" என்கிறார்.

பிரஸ்காரன் குத்தம் மாதிரியா என்று கேட்க வாய் வந்தது. மூடிக்கொண்டேன். மண்வெட்டியை எடுத்துக்கொண்டு இரண்டு பேரும் ஒட்டுப் போடப் போனோம்.